எடுக்கக் கூடாத தொலைபேசி

2005 ஜனவரியிலிருந்து நவம்பர் வரை, பள்ளி நடந்த ஒவ்வொரு நாளும், மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு, மரக்காணம் உப்பளத்தில் நான் வேலை செய்த அலுவலக அறையில் தொலைபேசி இரண்டு முறை மணி அடித்து நிற்கும். நான் அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் மறுமுனையில் ஒரு ரூபாய் காசு போட வேண்டும், எடுக்காவிட்டால் வேண்டாம். இரண்டு மணி அடித்து நின்றால் என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று பொருள். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பாத்தியில் என்று உப்பு வாரினோம், தெருவில் எந்த வீட்டில் என்ன விசேஷம், எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. தேதியைப் பிடித்துக்கொள்வதும் பயத்தை அடக்கும் ஒரு வழிதான் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொன்னார். அதனால் இங்கே கூடிய வரை மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு தேதிகளை மட்டும் விட முடியாது.

முதலாவது, 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நானும் மனைவியும் மகளும் காலைப் பூசையில் இருந்தோம். வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. கடல் ஏறி வந்துவிட்டது என்றார்கள். கரையோரக் குப்பங்களில் உயிர்கள் போயின. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கள் உறவில் யாரும் போகவில்லை. என் மகள் அலையைப் பார்க்கவே இல்லை. கோயில் வளாகத்தில் தன் புதுச் செருப்பில் ஒன்றைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்தாள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு ஒரு வருடம் நான் எல்லாரிடமும் வேறு மாதிரிச் சொன்னேன்.

இரண்டாவது, அதே மாதம் 30. வியாழக்கிழமை. மறுபடியும் அலை வரலாம் என்று அறிவிப்பு வந்தது. கரையெங்கும் ஜனங்கள் மேற்கே ஓடினார்கள். என் மனைவி அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த முகாமில் சாப்பாடு பரிமாறப் போயிருந்தாள். நான் மகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நேராகப் பெருமுக்கல் மலைக்குப் போனேன். முகாம் வழியில்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஐந்து நிமிடம் போகும் என்று கணக்குப் போட்டேன்.

மலையில் பாறை நிழலில் உட்கார்ந்து கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கேட்டாள்: "அம்மா எப்பப்பா வரும்?"

"வந்துடுவாங்க."

"நாம இங்க இருக்கறது அம்மாக்குத் தெரியுமா?"

மதியத்துக்குள் அறிவிப்பு தவறானது என்று தெரிந்துவிட்டது. கீழே பஸ்கள் மறுபடி கிழக்கே போவது தெரிந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தேடி அவள் முகாம், கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்திருக்கிறாள். திட்டவில்லை. "என்ன விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அதை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. "பெருமுக்கல் வரை நாற்பது நிமிடம்" என்று எழுதினேன்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பள்ளி அது. திறப்பதற்கு முதல் நாளே போய் வகுப்பறையிலிருந்து மொட்டை மாடிக்கு எத்தனை படி என்று எண்ணினேன். இருபத்திரண்டு. மாடிக் கதவு பூட்டியிருக்குமா, சாவி யாரிடம், ஓடி ஏற எத்தனை வினாடி, எல்லாம் விசாரித்தேன். தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "சார், இத்தன வருஷத்துல படிய எண்ணினது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

பள்ளிக்கு எதிரே, சாலையின் மறுபக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் சிவப்பு நிற ஒரு ரூபாய் தொலைபேசி. சாப்பாட்டு மணி அடித்ததும் வாட்ச்மேன் என் மகளைச் சாலை தாண்டிக் கூட்டிப் போக வேண்டும். அவள் உப்பள அலுவலக எண்ணை அழுத்தி, இரண்டு மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். படிகளை எண்ணினேன், மாடியின் உயரத்தை எண்ணினேன். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பஸ்கள் பறந்துகொண்டிருந்த அந்தச் சாலை என் கணக்கில் வரவேயில்லை. எனக்கு ஆபத்து என்றால் அது கிழக்கிலிருந்துதான் வரும்.

உப்பளத்தில் என் வேலை மேற்பார்வை. பாத்தியில் நிற்கும் நீரில் ஒரு கண்ணாடி மானியை மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைப் பார்ப்பேன். இருபத்தைந்து டிகிரி அளவுக்கு வந்தால் உப்பு கட்டத் தொடங்கும். முற்றுவதற்கு முன் வாரினால் உப்பு தூளாகிவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் கசப்பு ஏறும். மற்ற உப்பளங்களில் காலையும் மாலையும் பார்ப்பார்கள். நான் ஆறு முறை பார்ப்பேன். முதலாளிக்கு அது பிடித்திருந்தது. என் பயத்துக்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அது.

வாரும் பெண்களில் ஒருவர் என்னைவிட இரண்டு வயது பெரியவர். அக்கா என்று கூப்பிடுவேன். வெயிலில் பன்னிரண்டரைக்கே நான் அலுவலக அறைக்குள் நழுவுவதை அவர்தான் முதலில் கவனித்தார்.

"இன்னா சார், மணி அடிச்சிதா?"

"அடிச்சுதுக்கா."

"அப்ப இன்னிக்கி சோறு எறங்கும்."

பக்கத்தில் தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தவள் சொன்னாள்: "எம் புள்ள ஸ்கூலுக்குப் போறானா, மாங்கா அடிக்கப் போறானான்னே எனுக்குத் தெரியாது. சாருக்குப் பாரு, பொண்ணு மூச்சு வுடறது மொதக்கொண்டு ஃபோன்ல வந்துடுது."

"நீ ஒரு ஃபோன் வெச்சிப் பாரேன்."

"எம் புள்ளயா? ஃபோன வித்துட்டு மாங்கா வாங்குவான்."

நானும் சிரித்தேன். சாப்பிட்டேன். பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒன்றரை வரை, அந்த ஐம்பது நிமிடம், நான் மற்றவர்களைப் போல ஒரு மனிதனாக இருந்தேன். பிறகு அடுத்த நாளின் பன்னிரண்டு நாற்பது தொடங்கிவிடும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடிக்கவில்லை. பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். கருவி செத்திருந்தால் மணி அடிக்காது என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் மொபெட்டை எடுத்தேன். போகும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் அவள் கிடப்பதைப் பார்த்தேன். தண்ணீரில், மணலில், ஒரு முறை பனைமரத்தடியில்.

அவள் ஜெராக்ஸ் கடையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாட்ச்மேன் அவள் கையைப் பிடித்து, "வா பாப்பா, லைன் இல்ல, சோறு ஆறிடும்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது.

"நான் பண்ணேம்ப்பா. நெறைய தடவ பண்ணேன். அடிக்கவே மாட்டேங்குது. நான் பண்ணேன்."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. 'விடும்மா, அப்பாவுக்குத்தான் பயம், உனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "பரவால்லம்மா. அடுத்த தடவ இப்படி ஆனா, லைன் கெடைக்கிற வரைக்கும் விடாம பண்ணு."

அவள் சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை.

ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். மணிகள் கூடின. காலை இடைவேளையில் ஒன்று. சாப்பாட்டு வேளையில் ஒன்று. மூன்று மணி இடைவேளையில் ஒன்று. நான் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள். வாட்ச்மேன் மதியம் மட்டும்தான் கூட வருவார். மற்ற நேரங்களில் யார் அவளைச் சாலை தாண்டிக் கூட்டி வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த மாதத்து நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'மூன்று முறை அடித்தாள். பொறுப்பான பிள்ளை.' இந்த வரியை மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

அதே மாதங்களில் அவளுக்குக் காலையில் வயிற்று வலி வரத் தொடங்கியது. இடது கண்ணின் இமை மயிர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவளே பிடுங்குகிறாள் என்பதை மனைவி தலை வாரும்போது கண்டுபிடித்தாள். நான் வீட்டுக்கு வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாந்தி எடுத்தாள்.

ஆகஸ்டில் வெளியூரிலிருந்து சிலர் பள்ளிக்கு வந்து, அலையால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று படம் வரையச் சொன்னார்கள். பெற்றோர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சுவர் முழுக்கக் கறுப்பு அலைகள், கவிழ்ந்த படகுகள், தென்னை மரத்தில் தொங்கும் ஆட்கள். என் மகள் ஒரு தொலைபேசி வரைந்திருந்தாள். சிவப்பு நிறம். சுருள் கம்பி தாளின் ஓரம் வரை போயிருந்தது. வேறு எதுவும் இல்லை.

வந்தவர்களில் ஒரு பெண் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "இது என்னன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார்.

"அலையப் பாத்து பயந்துட்டா" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "அவ எங்க அலையப் பாத்தா?"

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் வேலை இல்லை. பாத்திகளில் மழைநீர் நின்றது. அறையில் நானும் காகிதங்களும்தான். அப்படி ஒரு நாள் காலை பத்து ஐம்பதுக்கு இரண்டு மணி அடித்து நின்றது. நிம்மதியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. ஒன்று, இரண்டு. நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. இன்றைக்கு நிறைய அடிக்கவிடுகிறாள் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்றில் நின்றது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. தொலைபேசியைப் பார்த்துச் சிரித்தேன்.

மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர்.

"சார், எவ்ளோ நேரமா அடிக்கிறேன், எடுக்க மாட்டீங்களா? பொண்ண பஸ்ஸு தட்டிடுச்சி. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போயிருக்காங்க. வாங்க."

மழையில் அவள் தனியாகச் சாலையைத் தாண்டி வந்து, மணி அடித்துவிட்டு, திரும்பி ஓடியிருக்கிறாள். டிரைவர் பிரேக் போட்டும் ஈரத்தில் பஸ் வழுக்கி, ஓரத்தில் அவளைத் தள்ளிவிட்டது. மோவாயில் ஐந்து தையல். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். கண்டக்டர்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். நான் போனபோது அவர் சட்டையில் ரத்தத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எனுக்கும் பொண்ணு இருக்குது சார்" என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

மனைவி கட்டிலருகே நின்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடா கண்ணு தனியா ரோட்டத் தாண்டின?"

"ஃபோன் பண்ண."

"மழையில இன்னா ஃபோனு? ஒரு நாளு பண்ணலேன்னா இன்னா ஆயிடும்?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, மிகச் சாதாரணமாக, ஐந்தாம் வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொன்னாள்: "பண்ணலேன்னா அப்பா செத்துடுவாரு."

பத்து மாதமாக நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள்தான் தினமும் மூன்று முறை சாலையைக் கடந்து வந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

கட்டுப் போட்ட கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி திண்டிவனத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். போகும் முன் அவள் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க பயந்துக்கோங்க. அது உங்க ஒடம்பு. அவளுக்கு அத குடுக்காதீங்க. குடுக்காம இருக்க முடியும்னா சொல்லுங்க, வர்றோம். முடியாதுன்னா ஜூன்ல அவள அங்கயே ஸ்கூல்ல சேத்துடறேன். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. அவசரமில்ல."

டிசம்பர் முழுக்க வேலைக்குப் போகவில்லை. படுத்திருந்தேன். பகலில் பழைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அலைக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். எல்லாம் அலையால் வந்தது என்று நிரூபித்துவிட்டால் அது தானாகவே வடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

இருபது வயதில்: 'காதுக்குப் பின்னால் வலி. மூளையில் கட்டியோ?' இருபத்தாறில்: 'வேலையில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. மூன்று நாளாக.' திருமணத்தன்று: 'மழை வருமோ.' மணமகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மகள் பிறந்த நாளில்: 'குழந்தையின் எடை குறைவோ என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார்கள். நம்பவில்லை.' பக்கம் பக்கமாக இதுதான். தேதிகள் மாறின, பயம் ஒரே கையெழுத்தில் இருந்தது. கடல் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏற்கெனவே என்னிடம் இருந்த ஒன்றுக்குப் பெரிய ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மறுபடி வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒன்றையும் இழக்காத நான் போர்வைக்குள் கிடந்தேன். இந்த ஒப்பீடு என்னை எழுப்பவில்லை. இன்னும் கீழே தள்ளியது.

நூலகத்திலிருந்து எடுத்து வந்த மனவியல் புத்தகங்களில் இதற்குப் பெயர் இருந்தது. நியூரோட்டிசிசம். ஆளுமையின் சில அடிப்படைக் குணங்களில் ஒன்று. கவலை, எரிச்சல், சோர்வு இவற்றின் பக்கம் சீக்கிரம் சாய்கிற இயல்பு. உயரத்தைப் போல எல்லாரிடமும் கூடவோ குறையவோ இருப்பது. அதுவே நோய் அல்ல. ஆனால் அது மிகுந்தவர்கள் பதற்ற நோயிலும் மனச்சோர்விலும் விழுவதற்கு வாய்ப்பு அதிகம். பாதி பிறப்பில் வருவது, பாதி வளர்ப்பில். இந்த வரியில்தான் புத்தகத்தை மூடினேன். முதல் பாதியை அவளுக்கு அறியாமல் கொடுத்திருப்பேன். இரண்டாவது பாதியை வாட்ச்மேன் துணையோடு தினமும் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன்.

'நான் இல்லாமல் இருந்தால் அவர்கள் நன்றாக இருப்பார்கள்.' இந்த வாக்கியத்தை அந்த டிசம்பரில் நான்கு நாட்கள் எழுதியிருக்கிறேன். நான்காவது முறை எழுதி இரண்டு நாள் கழித்து, துணி எடுக்க வந்த மனைவி, திறந்து கிடந்த பக்கத்தைப் படித்துவிட்டாள். என் எதிரே உட்கார்ந்தாள்.

"இத எழுதத்தான் டைரி வாங்கிக் குடுத்தனா நானு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"நீங்க இல்லாம போனா அவ இன்னா நெனைப்பா தெரியுமா? நான் ஃபோன் பண்ணாததுனாலதான் அப்பா போயிட்டாருன்னு நெனைப்பா. சாவற வரைக்கும் அதையே நெனைப்பா. உங்களுக்கு சாவறதுக்குக் கூட வழி இல்ல. எழுந்து சட்டய மாத்துங்க."

புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனோம். எங்கள் பக்கத்துச் சுவர்களில் எல்லாம் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதி லாட்ஜ் பெயர் போட்டிருப்பார்கள். இத்தனை வயதில் நானும் அப்படி ஒன்றிரண்டு லேகியம் சாப்பிட்டவன்தான். இவர் அப்படிப்பட்டவர் அல்ல. மனநல மருத்துவர், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நான் நாட்குறிப்புகளைப் பையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் இரண்டு ஆண்டுகளை அங்கங்கே புரட்டினார்.

"சார், இந்தக் குணம் போகாது" என்றார். "போக வைக்கறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா இப்ப உங்களுக்கு வந்திருக்கறது டிப்ரஷன். அதுக்கு மாத்திரை இருக்கு, அது கேக்கும். அப்புறம் பயம். அது ஒண்ணு செய்னு சொல்லும். சொல்றதையெல்லாம் நீங்க செய்ய வேண்டியதில்ல. செய்யாம இருந்து இருந்துதான் பழகணும். கஷ்டமாத்தான் இருக்கும். பயம் ஏறும், அப்புறம் தானா எறங்கும்."

"பொண்ணு?"

"அவளையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. ஆனா அவ உங்களக் காப்பாத்தற வேலையில இருக்கா. அந்த வேலையிலேருந்து அவள நீங்கதான் எடுத்துவிடணும். நான் சொன்னா விட மாட்டா."

மகளையும் இரண்டு முறை கூட்டிப் போனோம். 2006 பிப்ரவரியில் மனைவி அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஏற்பாடு தெளிவாக இருந்தது. மகள் பள்ளியிலிருந்து தொலைபேசியில் அழைக்கக் கூடாது. நான் பள்ளிப் பக்கம் போகக் கூடாது. சாயங்காலம் வந்ததும், 'நல்லா இருந்தியா, ஒண்ணும் ஆகலையே' என்று விசாரிக்கவும் கூடாது. இருபத்தெட்டு நாட்கள் இப்படி நடக்க வேண்டும். நான் பள்ளிக்குப் போய்விட்டால், ஜூனில் திண்டிவனம்.

முதல் நாள் காலையிலேயே உப்பளத்து அக்காவிடம் மொபெட் சாவியைக் கொடுத்தேன்.

"இது எதுக்கு சார் எனுக்கு?"

"நான் கேட்டாக் குடுக்காதீங்க. நாலரைக்கிக் குடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "இனிமே நீயே கேட்டாலும் எடுக்க முடியாது" என்று பாத்தியில் இறங்கினார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பன்னிரண்டரைக்கு அலுவலக அறைக்குப் போகவில்லை. பாத்தி வரப்பில் நின்று மானியை மிதக்கவிட்டேன். பதினெட்டு. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். பதினெட்டு. பன்னிரண்டு நாற்பது வந்தது. உடம்பே காதாகிவிட்டது. அறையில் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்தைந்து. அவள் சாலையில் கிடந்தாள். தண்ணீரில் மிதந்தாள். கடைக்காரர் அடித்துக்கொண்டே இருக்கிறார், எனக்குத்தான் கேட்கவில்லை. இந்த முறை இது வெறும் கற்பனையில்லை என்பதுதான் என் வாதம். ஒரு முறை நடந்திருக்கிறதே.

ஒரு மணிக்கு அக்காவிடம் போனேன்.

"சாவியக் குடுங்க."

"தர மாட்டேன்."

"அக்கா, வெளையாடாதீங்க. ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். அவளுக்குத் தெரியாம கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கறேன்."

"போன வருஷம் பாத்துப் பாத்து இன்னா ஆச்சி?"

"மேற்பார்வை நானா நீங்களா?" என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவர் வார் பலகையைக் கீழே போட்டார். "கத்து சார். நல்லா கத்து. நாலரைக்கித்தான் சாவி. நடந்து போறதுன்னா போ, உன் காலு, நான் ஒண்ணும் கட்டிப்போடல." பிறகு கொஞ்சம் தணிந்து, "உக்காரு. வெய்யில்ல நின்னா இன்னும் தல சுத்தும்" என்றார்.

நடந்து போகலாம் என்பதை நான் அதுவரை யோசிக்கவில்லை. யோசித்தேன். முக்கால் மணி நேரம் ஆகும். ரோடு வரை போனேன். அங்கே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன், நாற்பத்திரண்டு வயதில், லாரிகள் போய்க்கொண்டிருக்க. பயம் குறையவில்லை. மருத்துவர் சொன்னதுபோல ஏறி இறங்கவும் இல்லை. ஏறி, அப்படியே நின்றது. இரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். தைரியம் எதுவும் இல்லை. போனால் அவள் என்னைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி அந்த வேலையை எடுத்துக்கொள்வாள். அதுதான் காரணம். அவள் முகம் எனக்குள் இருந்த பயத்தைவிட ஒரு நூல் கனமாக இருந்தது. ஒரு நூல்தான்.

நாலரைக்கு அக்கா சாவியைக் கையில் வைத்தார்.

வீட்டில் மகள் ஏற்கெனவே வந்திருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றாமல், கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். முகம் கழுவினேன். கேட்கக் கூடாது. அவள் பின்னாலேயே வந்தாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள். நான் கேட்பேன் என்று காத்திருந்தாள்; கேட்டால் பதில் சொல்லி, என்னைச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் அவளால் விளையாடப் போக முடியும். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மனைவி அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தத்தை நிறுத்தியிருந்தாள்.

"அப்பா."

"ம்."

"நான் இன்னிக்கி ஃபோன் பண்ணல."

"தெரியும்மா."

"பயமா இருந்துதா?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மருத்துவர் சொல்லித் தரவில்லை. இல்லை என்றால் அவள் நம்ப மாட்டாள். என் கண்கள் வீங்கியிருந்தன. ஆமாம் என்றால் நாளைக்கே சாலையைத் தாண்டுவாளோ என்றிருந்தது.

"இருந்துது" என்றேன். "ரொம்ப இருந்துது."

அவள் கை இமைக்குப் போனது.

"ஆனா நான் வரல. சாவல. உப்பளத்துலயே இருந்தேன். பயந்துக்கிட்டே இருந்தேன், அவ்ளோதான்."

அவள் அதை யோசித்தாள். இமையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் பிடுங்கவும் இல்லை.

"எனக்கும் இருந்துது" என்றாள். "கணக்கு பீரியட்ல அழுதுட்டேன். டீச்சர் ஏன்னு கேட்டாங்க. பல் வலின்னு சொல்லிட்டேன்."

"சரி."

"நாளைக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"தெரியலம்மா. இருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

அவள் தலையாட்டினாள். உள்ளே போய், யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு, அம்மாவிடம் தின்ன ஏதாவது கேட்டாள். நான் ஈரத் துண்டோடு கொடியருகே நின்றேன். இன்னும் இருபத்தேழு நாட்கள் இருந்தன.